மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி

நுவரெலியாவுக்கு ஏறும் வண்டிக்குக் காற்று மெலிவதால் காபரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும். வன்னியிலுள்ள கனகராயன்குளமோ சமதரை; இங்கே மாறியது காற்றல்ல, எரிபொருள். போர்க்காலத்தில், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் அரும்பொருளானது. 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை பல மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதை வெறும் சமாளிப்பு என்று ஒதுக்குவது தவறு. இது தேர்ந்த தொழில்நுட்பம். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் செய்தார்கள்; சூடேறியபின் மண்ணெண்ணெயே போதும்.

இயந்திரத்தைக் கெடுத்த வேலைதானே என்று கேட்கலாம். கெடுதல் உண்மைதான். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். ஒக்டேன் குறைவென்பதால் சுமை ஏறினால் இயந்திரம் தட்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு: பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவது, ஒயிலை அடிக்கடி மாற்றுவது, பிளக்கைச் சுரண்டுவது. உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்களில், புகையின் நிறத்தையும் இயந்திரத்தின் சத்தத்தையும் நம்பி இதைச் செய்வது சாதாரண காரியமல்ல. போர் வரலாறுகள் படைநகர்வுகளைத்தான் எழுதுகின்றன. இந்த வண்டிகளை ஓடவைத்த கராச்காரர்களுக்கு வயதாகிறது. அவர்கள் அறிந்ததை இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.