சிங்கீதம் சீனிவாச ராவ்

சிங்கீதம் சீனிவாச ராவ் (பிறப்பு: 21 செப்டம்பர் 1931): தெலுங்கு, தமிழ், கன்னடம், ஹிந்தி ஆகிய மொழிகளில் படங்களை இயக்கியவர், கதாசிரியர், இசையறிவும் உடையவர். சமூகக் கதை, ஹாஸ்யம், மாயாஜாலம், விஞ்ஞானக் கற்பனை, உரையாடலே இல்லாத படம், அனிமேஷன் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாதவைபோல் தோன்றும் துறைகளிலெல்லாம் ஒருவரே இறங்கிப் பெயரும் பெற்றது தென்னிந்தியத் திரையுலகில் அபூர்வமான நிகழ்ச்சியாகும். கடினமானதொரு நிபந்தனையைத் தாமே விதித்துக்கொண்டு, அதை மீறாமலே கதையை நடத்திக் கரைசேர்ப்பது அவருடைய சிறந்த படங்களுக்கெல்லாம் பொதுவான இலக்கணம்.

இளமையும் பயிற்சியும்

நெல்லூர் மாவட்டத்து உதயகிரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சில காலம் பள்ளியாசிரியராக இருந்து, நாடகங்களும் எழுதிவந்த அவர், சினிமாவின்மேல் கொண்ட பற்றினால் கே. வி. ரெட்டியிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். ரெட்டி இயக்கிய 'மாயாபஜார்' (1957) உருவானபோது உடனிருந்து தொழில் கற்றவர்களுள் அவரும் ஒருவர். ஒத்திகையின்போதே ஒவ்வொரு காட்சியையும் பாட்டையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, படம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்னரே நிர்ணயித்துவிடும் வழக்கமுடையவர் ரெட்டி. அப்படத்துக் கடோத்கசனுடைய மாயைகளுக்கும் கணக்குண்டு என்பதை அங்கே பார்த்துப் பழகிய சீடர், பின்னாளில் எத்தகைய விநோதக் கற்பனையை எடுத்துக்கொண்டாலும் திரைக்கதையின் கட்டுக்கோப்பைத் தளரவிடவில்லை.

தொடக்ககாலப் படங்கள்

'நீதி நிஜாயதி' (1972) என்ற தெலுங்குப் படமே அவர் முதலில் இயக்கியது. அதன்பின் ராஜாஜியின் கதையைத் தழுவி, மதுவினாற் சீரழியும் உழவர் குடும்பமொன்றின் துயரத்தைச் சித்திரித்த 'திக்கற்ற பார்வதி' (1974), ஸ்ரீகாந்த், லட்சுமி ஆகியோரின் நடிப்புடனும் வீணை சிட்டிபாபுவின் இசையுடனும் வெளிவந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 'அமெரிக்கா அம்மாயி' (1976), 'பந்துலம்மா' (1977) முதலிய குடும்பக் கதைகள் தெலுங்கில் அவருடைய ஸ்தானத்தை உறுதிப்படுத்தின. கன்னடத்தில் ராஜ்குமாரை நாயகராகக் கொண்டு 'ஹாலு ஜேனு' (1982), 'எரடு நக்ஷத்ரகளு' (1983), 'ஸ்ராவண பந்து' (1984) ஆகியவற்றை எடுத்தார். ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமார் நாயகராக அறிமுகமான 'ஆனந்த்' (1986) படத்தை இயக்கியவரும் அவரே.

நிபந்தனைகளின் காலம்

கமல்ஹாசனின் நூறாவது படமாகிய 'ராஜபார்வை' (1981) பார்வையற்ற வயலின் கலைஞன் ஒருவனின் காதலைக் கூறுவது. மூத்த இயக்குநர் எல். வி. பிரசாத் அதில் நாயகியின் தாத்தாவாக நடித்தார். வருவாயில் அது சோபிக்கவில்லை. விபத்தில் ஒரு காலை இழந்தும் செயற்கைக் காலுடன் மீண்டும் பரதநாட்டியம் ஆடிய சுதா சந்திரனின் வரலாற்றை, அவரையே நாயகியாக வைத்து எடுத்த 'மயூரி' (1985) பெருவெற்றி பெற்றது.

நாயகரின் பார்வையை ஒரு படத்தில் விலக்கிய இயக்குநர், 'புஷ்பக்' (1987) படத்தில் பாத்திரங்கள் அனைவருடைய பேச்சையும் விலக்கினார். கன்னடத்தில் 'புஷ்பக விமான' என்றும், தமிழில் 'பேசும் படம்' என்றும் பெயர் பெற்ற இதற்கு மொழிமாற்றம் என்ற வேலையே இல்லாமற் போயிற்று. வேலையில்லாத பட்டதாரி இளைஞன் ஒருவன், குடித்துவிட்டு நினைவின்றிக் கிடக்கும் தனவந்தர் ஒருவரைத் தன் அறையில் அடைத்துவைத்துவிட்டு, அவர் தங்கியிருந்த நட்சத்திர ஓட்டலில் அவருடைய அறைக்குக் குடிபுகுகிறான். சினிமாக் கொட்டகையின் பக்கத்தில் வசித்து அதன் சண்டைக்காட்சிச் சத்தத்திலேயே உறங்கிப் பழகியவனுக்கு அந்த அறையின் அமைதியில் உறக்கம் பிடிக்கவில்லை. ஆகவே பழைய இடத்துக்குப் போய் அந்த இரைச்சலை நாடாவில் பதிவு செய்துவந்து, தலைமாட்டில் ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். வசனகர்த்தா கையாண்டிருந்தால் ஒரு பக்கப் புலம்பலாகியிருக்கக்கூடிய ஏழ்மையின் குணம் இங்கே ஒரு பதிவுக் கருவியால் சிரிப்பும் இரக்கமும் கலந்து விளங்கிவிடுகிறது. காதலி தன் முகவரியை எழுதிக்கொடுத்த சீட்டு சாக்கடையில் விழ, நாயகன் வேலை தேடுவோர் வரிசையில் மீண்டும் வந்து நிற்பதோடு முடியும் இப்படம், நலம் பயக்கும் ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நாயகரின் உயரமே நிபந்தனையாயிற்று. மடக்கிய கால்களின் முழங்காலில் தனிக் காலணி பொருத்தியும், சில காட்சிகளில் தரையில் பள்ளம் தோண்டி அதில் நிற்கவைத்தும், கமல்ஹாசனைக் குள்ள அப்புவாகக் காட்டினார்கள். உடல்வலிமையால் பழிவாங்க இயலாத சர்க்கஸ் கோமாளி யுக்தியையும் வித்தையையும் ஆயுதமாகக் கொள்வதால், கதை தந்திரத்தின் வழியிலேயே செல்கிறது. 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) நான்கு சகோதரர்களையும் ஒரே நடிகரிடம் ஒப்படைத்தது. கிரேசி மோகனின் வசனம் விரைந்தோட, ஆள்மாறாட்டத்தின் சிக்கல்கள் ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டே போய், மலைவிளிம்பில் ஆடும் வீட்டில் எல்லோரும் ஒருசேரத் தொங்கும் உச்சக்கட்டத்தில் முடிவது திரைக்கதைக் கணக்குக்கு நல்ல உதாரணம். 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் நாகேஷ் பிணமாக வந்து, அசையாமலும் பேசாமலும் அரங்கைச் சிரிக்கவைத்தார்.

விஞ்ஞானமும் மாயாஜாலமும்

தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்ற பெயரில் வந்த 'ஆதித்யா 369' (1991) தெலுங்குப் படம், காலயந்திரத்தில் ஏறியவர்களை 1526ஆம் ஆண்டின் கிருஷ்ணதேவராயர் சபைக்கும், பின்னர் 2504ஆம் ஆண்டுக்கும் கொண்டுசெல்கிறது. விஞ்ஞானத்தை நாட்டுச் சரித்திரத்தோடு இணைத்ததனால், அந்நியமான கற்பனையும் ஜனங்களுக்குப் பழகிய கதைபோலாயிற்று. 'பைரவ த்வீபம்' (1994) தம் குரு வளர்த்த நாட்டார் மாயாஜாலக் கதை மரபுக்கு அவர் திரும்பியதைக் காட்டும். 'சன் ஆஃப் அலாவுதீன்' (2003), 'கடோத்கஜ்' (2008) ஆகியவை அவருடைய அனிமேஷன் முயற்சிகள். தொண்ணூறு வயதைக் கடந்தபின்னும் 'கல்கி 2898 ஏடி' (2024) படத்தின் திரைக்கதைக்கு ஆலோசகராக உதவினார்.

மதிப்பீடு

தமிழ்நாட்டில் அவருடைய படங்கள் பெரும்பாலும் கமல்ஹாசனின் சாதனைகளாகவே பேசப்படுகின்றன. அந்த நடிகரின் பங்கு மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் நடிக்காத 'திக்கற்ற பார்வதி', 'மயூரி', 'ஆதித்யா 369', 'பைரவ த்வீபம்' ஆகியவற்றையும் சேர்த்து நோக்குவோர்க்கு, இரு வரிசைகளிலும் காணும் துணிவும் கட்டுப்பாடும் இயக்குநருடையவை என்பது தெளிவாகும்.