இடைக்கச்சும் உறையும்

உடைவாள் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நம்முடைய சரித்திர நாவல்களில் உடைவாள் உருவப்படாத அத்தியாயத்தைக் காண்பது அரிது. ஆயினும் அச்சொல்லின் முற்பகுதியை நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. உடையில் செருகப்பட்டது என்பதால் அது உடைவாள். கூர்மையையோ நீளத்தையோ சொல்லாமல், அணியும் இடத்தைச் சொல்லி ஓர் ஆயுதத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர். போருக்கு எழுவதைக் 'கச்சை கட்டுதல்' என்றார்கள். ஆயுதத்தைப் பற்றிய நினைவை விட, அதை உடலில் தாங்கும் துணியைப் பற்றிய நினைவே மொழியில் ஆழமாகத் தங்கியிருக்கிறது.

இன்று உரிமம் பெற்றுச் சிறிய கைத்துப்பாக்கி வைத்திருப்பவர், அதற்கு உறை தேடும்போது சில கேள்விகளைக் கேட்கிறார். இடுப்பின் எப்பக்கம் அணிவது? உட்காரும்போது வயிற்றை அழுத்துமா? குனிந்தால் நழுவுமா? மேற்சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரியுமா? கருவி புதியது, கேள்விகள் பழையவை. காவிரி நாட்டில் இக்கேள்விகளுக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆயுதத்தின் வரலாறு அல்ல, அதைக் காட்டுவதற்கும் மறைப்பதற்கும் இடையிலான வரலாறு ஒன்று நமக்குக் கிடைக்கிறது.

1532 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர் காலத்திலிருந்து தொடங்குவோம். நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் நிற்கும் அரசர், தளபதியர் உருவங்களில், கைகள் குவிந்து இறைவனை வணங்கும். இடைக்கச்சிலோ கட்டாரி செருகப்பட்டிருக்கும். கோயிலுக்குள்ளும் களையப்படாத அணி அது. கட்டாரியின் பிடி மற்றக் கத்திகளின் பிடியைப் போன்றதன்று. இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றைப் பற்றி முட்டியை மூடினால், முட்டிக்கு நேர்முன்னே அலகு நீளும். கச்சின் மடிப்புகளுக்கிடையே செருகினால் அலகு உடலோடு ஒட்டிப் படியும். அகன்ற பிடி கச்சின் விளிம்பில் தங்கி, கீழே நழுவாது. சம்மணமிட்டு அமரும் மக்களுக்குப் பக்கவாட்டில் தொங்கும் நீண்ட வாள் இடைஞ்சல். முன்வயிற்றில் சாய்வாகச் செருகிய குறுவாள் அவ்வளவு இடைஞ்சல் அன்று.

ஆனால் தஞ்சைக் கட்டாரிகளுக்கென்றே ஒரு தனித்தன்மை உண்டு. பிடிக்கு மேலே, புறங்கையைக் காக்கும் கைமூடி ஒன்று சிப்பியைப் போல வளைந்து எழும். அதில் துளைவேலைப்பாடுகளும் யாளி முதலிய உருவங்களும் நிறைந்திருக்கும். பலவற்றின் அலகு ஐரோப்பிய வாள்களிலிருந்து எடுக்கப்பட்டது. இத்தகைய கட்டாரியை எவரும் மறைத்து வைக்க முடியாது. மறைக்க விரும்பியிருக்கவும் மாட்டார்கள். அது எதிரே வருபவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. 'நான் இன்னார், என்னிடம் இது இருக்கிறது' என்று முன்கூட்டியே அறிவிப்பது. அவ்வகையில் அதில் ஒரு நேர்மை இருந்தது.

மறைத்து வைக்கும் ஆயுதத்தின் மிகப் புகழ்பெற்ற கதை, நாயக்கருக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராத்தியரின் குடும்பக் கதைதான். 1659 நவம்பரில் பிரதாபகட் கோட்டையடியில் அஃப்சல்கானைச் சத்ரபதி சிவாஜி சந்தித்த போது, கையில் புலிநகமும் சட்டைக் கைக்குள் பிச்சுவாவும் மறைந்திருந்தன என்பது மராத்திய மரபு. தஞ்சை மராத்திய அரசைத் தோற்றுவித்த ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. அவ்வழியில் வந்த இரண்டாம் சரபோஜி 1803ஆம் ஆண்டு பெரிய கோயிற் சுவரில் போன்சலே வம்சத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் பொறித்து வைத்தார். புலிநகத்துக்கு உறை கிடையாது. இரு வளையங்களில் விரல்களை நுழைத்தால் நகங்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும், கையே உறையாகிறது. பிச்சுவாவுக்குச் சட்டைக் கையே உறை. பிச்சுவா என்னும் சொல் வடக்கிலிருந்து வந்து, இன்று எந்தத் தமிழருக்கும் விளக்கம் வேண்டாத சொல்லாகிவிட்டது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் புலிநகம் 2024இல் கடனாக மகாராஷ்டிரத்துக்கு வந்தபோது, சிவாஜி பயன்படுத்தியது அதுதானா என்னும் விவாதமும் உடன் எழுந்தது. கருவி ஐயத்துக்குரியது, கதை நிலைத்தது. கட்டாரி ஒரு நிலையான அணி என்றால், புலிநகம் ஒரு கணத்துக்கான ஏற்பாடு. அக்கணம் முடிந்ததும் மறைப்பும் முடிந்துவிடும்.

மறைப்பதே வழக்கமாகிப் போனது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். தஞ்சையின் இறுதி மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி 1855இல் மறைந்ததும் அரசு கும்பெனியோடு இணைக்கப்பட்டது. அரண்மனை ஆயுதக் கொட்டில் 1860களில் கலைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்துக்கெனத் தெரிந்தெடுத்தவை போக, எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி இச்செய்தியை 1878இல் 'இண்டியன் ஆன்டிக்வரி' இதழில் எழுதினார். தப்பிய கட்டாரிகள் உலகெங்கும் சிதறின. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1935இல் உயில்வழி விட்டுச்சென்ற தொகுப்போடு சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை உறையின்றியே நிற்கின்றன. இரும்பு எஞ்சும், மரமும் தோலும் பட்டும் எஞ்சுவதில்லை. நாம் உறையின் வரலாற்றைத் தேடுகையில் வெறும் அலகுகளையே காண்பதற்குக் காரணம் இதுவே.

வால்ஹவுஸ் எழுதிய அதே 1878ஆம் ஆண்டில்தான் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டமும் வந்தது. உரிமமின்றி ஆயுதம் தரித்தல் குற்றமாயிற்று, ஐரோப்பியருக்கு விலக்களிக்கப்பட்டது. இடைக்கச்சிலிருந்த அணி இவ்வாறு குற்றப்பொருளாயிற்று. இங்கு நாம் காவிரியின் தலைப்பக்கம் சற்று நோக்க வேண்டும். ஆறு பிறக்கும் குடகு நாட்டினருக்கு 1861இலேயே ஆயுத விலக்கு கிடைத்தது. திருத்தங்களுடன் அது இன்றும் தொடர்கிறது. ஆகவே அங்கே திருமணத்திலும் திருவிழாவிலும் ஆண்கள் பட்டுக்கச்சில் பீச்சேகத்தியைச் செருகி வெளிப்படையாக அணிகிறார்கள். அகன்ற ஒடிகத்திக்கு இடுப்பின் பின்புறம் உலோகத்தாலான தாங்கி ஒன்று உண்டு. குனிந்தாலும் நடந்தாலும் அது முன்னே வந்து இடிக்காது. நம்மூரில் மரமேறுவோர் அரிவாளைப் பெட்டியிலிட்டு இடுப்பின் பின்னே கட்டுவதும் இதே அறிவினால்தான். ஒரே ஆற்றின் தலைமாட்டில் அணியாக எஞ்சியது, கால்மாட்டில் தொழிற்கருவியாக மட்டுமே எஞ்சியது.

சட்டம் ஆயுதத்தை ஒழிக்கவில்லை. கச்சிலிருந்து பைக்கு மாற்றியது. அதற்கு ஏற்ற கருவியும் அக்காலத்தில் வந்தது. சுழல் துப்பாக்கியின் உருளை எங்கு வைத்தாலும் புடைத்து நிற்கும். பெல்ஜியத்தின் எர்ஸ்டல் நகரத் தொழிற்சாலை 1900 முதல் வெளியிட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியோ தட்டையானது. கோட்டுப் பைக்குள் அடங்குவது. அத்தகைய 20 பிரௌனிங் துப்பாக்கிகள் 1909இல் இலண்டனிலிருந்து பெட்டியொன்றின் பொய்யடிக்குள் பம்பாய் வந்தன. அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

நம் பக்கத்தில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன், ஆஷ் துரையைப் பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டார். பெட்டிக்குள் ஏறிய பின்னரே ஆயுதம் வெளிப்பட்டது. ஆஷின் மனைவி எதிரே அமர்ந்திருந்தார். நடைமேடையின் கழிப்பறையில் அதே துப்பாக்கி வாஞ்சியின் உயிரையும் முடித்தது. தொடர்ந்த வழக்கின் முதல் எதிரி காவிரி நாட்டவரே: அன்றைய தஞ்சை மாவட்டம் சீர்காழியை அடுத்த எருக்கூரில் பிறந்த நீலகண்ட பிரம்மச்சாரி. அவருக்கு ஏழாண்டுச் சிறை. கட்டாரியோடு நின்ற தளபதியை எவரும் தொலைவிலேயே அறிவர். நன்கு உடுத்துக் குடுமி வைத்த ஓர் இளைஞரை எவரும் ஐயுறுவதில்லை. காட்டிச் செல்லும் உரிமை பறிக்கப்பட்ட நாட்டில் மறைவே வலிமையாயிற்று. ஆனால் அவ்வலிமைக்கு ஒரு விலை உண்டு: மறைத்தவர் தம் நோக்கத்தைத் தம் நண்பரிடமிருந்தும் மறைக்க வேண்டும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்னும் பழமொழி பணத்துக்கு மட்டும் சொன்னதன்று.

இதே காவிரி நாடு இன்னொரு விடையையும் கண்டது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்கள் மடியிலும் இல்லை, கச்சிலும் இல்லை. ஆயினும் அவ்வாண்டு ஜனவரியில் காந்தியடிகள் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளுள், உப்புவரி நீக்கத்தோடு, தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் இருந்தது. இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஆயுதம் ஏந்தாமை வேறு, ஏந்தும் தகுதி மறுக்கப்படுதல் வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன்கீழ் 2016இல் வந்த விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ பையிலோதான் கொண்டுசெல்ல வேண்டும், அது முழுதும் மூடப்பட்டிருக்க வேண்டும், உடையவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. வெறும் பையில் கிடக்கும் துப்பாக்கியின் விசையில் சாவிக்கொத்து சிக்கினாலும் குண்டு வெடிக்கக்கூடும். ஆகையால் விசையை மூடிக் காப்பதே நல்ல உறையின் முதற்கடமை. இடுப்புக்கு இதமாக இருப்பது அதற்கடுத்ததே.

நாயக்கர் காலத்தில் காட்டுவது மரியாதை. ஆங்கிலேயர் காலத்தில் மறைப்பது குற்றத்தின் அடையாளம். இன்று மறைப்பதே சட்டம் கேட்கும் மரியாதை. ஆயுதம் தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிய சமுதாயம், அது கண்ணில் படாமலிருப்பதே பிறருக்குச் செய்யும் நன்மை என்று எண்ணும் இடத்துக்கு வந்திருக்கிறது. இம்மாற்றத்தை நாம் வீழ்ச்சி என்று கருதவில்லை. தெருவில் நடப்பவர் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்து அஞ்ச வேண்டாத நிலை, எந்தக் கட்டாரியின் வேலைப்பாட்டை விடவும் உயர்ந்தது. ஆனால் அடுத்தமுறை அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தஞ்சைக் கட்டாரியைக் காணும்போது, அலகை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். அதைத் தாங்கிய கச்சும் உறையும் எங்கே என்று ஒரு கணம் கேளுங்கள்.