மோட்டார் இல்லங்களில் டயர் வெடிப்பு

மோட்டார் இல்லம் என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறை முதலிய வசதிகளைத் தன்னுள் கொண்டு, தன் சொந்த எந்திரத்தால் இயங்கும் பெரிய ஊர்தி ஆகும். இத்தகைய ஊர்தியின் டயர் ஓட்டத்தின்போது திடீரெனக் கிழிந்து காற்றை முழுவதுமாக இழப்பது டயர் வெடிப்பு எனப்படுகின்றது. வெடிப்பு ஒரு நொடியில் நிகழ்ந்தாலும் அதற்கான காரணங்கள் பெரும்பாலும் பல மாதங்களாகச் சேர்ந்து வருபவை. மிகைச்சுமை, குறைந்த காற்றழுத்தம், டயரின் முதுமை, மிகுவேகம் ஆகிய நான்கும் இவற்றுள் முதன்மையானவை. முதல் மூன்றும் பயணத்துக்கு முன்னரே கவனிக்கப்பட வேண்டியவை. நான்காவதான வேகம் மட்டுமே பயணத்தின் ஒவ்வொரு நொடியிலும் ஓட்டுநரின் கையில் உள்ளது.

இவ்வகை ஊர்திகள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதியாகப் பயன்படுகின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் நிலைமையைத் தழுவியது.

ஊர்தியின் இயல்பு

அமெரிக்காவில் மோட்டார் இல்லங்கள் ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. பி வகுப்பு, வேன் ஒன்றின் உடலுக்குள் அமைக்கப்பட்டது. சி வகுப்பு, வேன் அல்லது சிறு சரக்குந்தின் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டது. ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதி இதன் அடையாளம். ஏ வகுப்பு, பேருந்தைப் போன்ற தோற்றமுடையது. ஏ வகுப்பு ஊர்திகளுள் பெரியவை 45 அடி (13.7 மீட்டர்) வரை நீளமும் 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டவை.

இவ்வூர்திகளை மற்றக் கனரக ஊர்திகளிலிருந்து வேறுபடுத்தும் இயல்புகள் சில உண்டு. சரக்குந்து நாள்தோறும் ஓடுகின்றது; அதனை ஓட்டுபவர் அத்தொழிலுக்கெனப் பயிற்சி பெற்றவர். மோட்டார் இல்லமோ ஆண்டின் பெரும்பகுதி நிறுத்தியே வைக்கப்பட்டு, விடுமுறைக் காலத்தில், பெரும்பாலும் கோடை வெப்பத்தில், முழுச் சுமையுடன் நெடுந்தூரம் ஓட்டப்படுகின்றது. பல மாநிலங்களில் இதனை ஓட்ட வணிக ஊர்தி உரிமம் தேவையில்லை. சில மாநிலங்களில் தனி விதிகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் 40 அடிக்கு மேல் நீளமுள்ள மோட்டார் இல்லத்தை ஓட்ட வணிகம் சாராத பி வகுப்பு உரிமம் பெற வேண்டும்.

வெடிப்பின் இயற்பியல்

சுமையைத் தாங்குவது டயரின் இரப்பர் அன்று, அதனுள் அடைக்கப்பட்ட காற்றே ஆகும். சக்கரம் சுழலும்போது தரையைத் தொடும் பகுதி தட்டையாகி, தரையை விட்டு நீங்கியதும் மீண்டும் வளைகின்றது. இவ்வாறு மடங்கி நிமிரும்போது செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறி இரப்பரிலேயே தங்குகின்றது. சுமை கூடினாலும் காற்றழுத்தம் குறைந்தாலும் டயர் ஆழமாக மடங்குகின்றது. வேகம் கூடினால் நொடிக்குப் பலமுறை மடங்குகின்றது. வெப்பம் வெளியேறும் வேகத்தைவிட அது உருவாகும் வேகம் மிகுந்தால் டயரின் வெப்பநிலை உயர்ந்துகொண்டே செல்லும். அதனால் எஃகுப் பட்டைகளுக்கும் இரப்பருக்கும் இடையேயுள்ள பிணைப்பு தளர்கின்றது. இறுதியில் மேற்பட்டை பிரிந்து டயர் சிதைகின்றது.

பெரிய மோட்டார் இல்லங்களில் பயன்படும் 275/70ஆர்22.5 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3 மீட்டர் ஆகும். இதனைக் கொண்டு வேகத்தின் விளைவைக் கணக்கிடலாம். ஊர்தியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், கீழே மணிக்கு 55 மைல் வேகத்திலுள்ள ஆற்றல் 100 எனக் கொள்ளப்பட்டுள்ளது.

- மணிக்கு 55 மைல் (89 கிமீ): நொடிக்கு 8.2 சுழற்சி; இயக்க ஆற்றல் 100
- மணிக்கு 65 மைல் (105 கிமீ): நொடிக்கு 9.7 சுழற்சி; இயக்க ஆற்றல் 140
- மணிக்கு 75 மைல் (121 கிமீ): நொடிக்கு 11.2 சுழற்சி, இயக்க ஆற்றல் 186

அதாவது, வேகம் 55 மைலிலிருந்து 75 மைலுக்கு உயரும்போது ஊர்தியை நிறுத்துவதற்காக பிரேக்குகள் உட்கொள்ள வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகின்றது. வெடிப்பு நேர்ந்தால் ஓட்டுநர் கட்டுப்படுத்த வேண்டிய ஆற்றலும் அதுவே.

காரணங்கள்

மிகைச்சுமை

ஒவ்வொரு ஊர்திக்கும் மொத்த எடை வரம்பும் ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி எடை வரம்பும் உண்டு. இவை ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலோ ஊர்தியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். நீர்த்தொட்டி, எரிபொருள், உணவு, உடை, கருவிகள் ஆகியவை சேரும்போது இவ்வரம்பு எளிதில் மீறப்படுகின்றது. 100 அமெரிக்க கேலன் நீர் மட்டுமே ஏறத்தாழ 378 கிலோகிராம் எடையுள்ளது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் சுமை ஒரு பக்கமாகக் குவிந்து, ஒரு சக்கரம் மட்டும் மிகைச்சுமையைத் தாங்க நேரலாம். எனவே, பயணத்துக்கு ஆயத்தமான நிலையில் ஊர்தியை எடைமேடையில் நிறுத்தி, இயலுமானால் ஒவ்வொரு சக்கர முனையின் எடையையும் தனித்தனியே அறிதல் நல்லது.

குறைந்த காற்றழுத்தம்

பெரிய மோட்டார் இல்லங்களின் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 80 முதல் 120 பவுண்டு வரையான காற்றழுத்தம் தேவைப்படுகின்றது. டயர் உற்பத்தியாளர்கள் வெளியிடும் சுமை–அழுத்த அட்டவணையில், எடைமேடையில் கண்ட எடைக்குரிய அழுத்தத்தைக் காணலாம். ஓர் அச்சின் இரு முனைகளும் வெவ்வேறு எடை காட்டினால், மிகுந்த எடைக்குரிய அழுத்தமே அவ்வச்சின் எல்லா டயர்களுக்கும் பின்பற்றப்படும்.

அழுத்தத்தைப் பயணத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவிட வேண்டும். 100 பவுண்டு அழுத்தமுள்ள டயரின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 4 பவுண்டு கூடும். இது எதிர்பார்க்கப்பட்டதே. சூடான டயரில் அழுத்தம் கூடிவிட்டதெனக் காற்றைத் திறந்துவிடுவது தவறு. டயர் குளிர்ந்ததும் அழுத்தம் தேவைக்குக் கீழே இறங்கிவிடும்.

தேவையான அழுத்தத்தில் 80 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவான நிலையில் ஓடிய டயரை, காற்றின்றி ஓடிய டயராகவே டயர்த் துறையினர் கருதுகின்றனர். அதன் பக்கச் சுவரிலுள்ள எஃகு இழைகள் மடங்கி மடங்கி நைந்திருக்கலாம். அத்தகைய டயரில் மீண்டும் காற்றடிக்கும்போது பக்கச் சுவர் நீளவாக்கில் பிளந்து அருகிலிருப்போரைக் கொல்லக்கூடும். இதன் காரணமாகவே கனரக டயர்களுக்குக் காற்றடிக்கும் பணியில் இரும்புக் கூண்டு போன்ற தடுப்புகளைப் பயன்படுத்துமாறு அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

பின்னச்சில் இணையாகப் பொருத்தப்படும் இரட்டைச் சக்கரங்கள் தனிக் கவனத்துக்குரியவை. உட்புற டயர் காற்றை இழந்தால் அது வெளியில் எளிதாகத் தெரியாது. அருகிலுள்ள டயர் இரண்டின் சுமையையும் தாங்கிச் சென்று பின்னர் தானும் வெடிக்கின்றது.

முதுமை

மோட்டார் இல்லத்தின் டயர்கள் தேய்ந்து போவதைவிட முதுமை அடைந்து போவதே மிகுதி. மேற்பட்டையின் பள்ளங்கள் புதியன போல ஆழமாக இருக்கும். ஆனால் இரப்பர் உறுதி இழந்திருக்கும். ஓசோன், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள், வெப்பம் ஆகியவை இரப்பரைச் சிதைக்கின்றன. ஓசோனைத் தடுக்கும் மெழுகுகள் இரப்பரில் கலக்கப்பட்டுள்ளன. எனினும், டயர் ஓடி மடங்கும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்கு வருகின்றன. நிறுத்தி வைக்கப்பட்ட ஊர்தியில் இப்பாதுகாப்பு குறைந்து பக்கச் சுவரில் வெடிப்புக் கோடுகள் தோன்றுகின்றன.

2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சந்தைக்கு உற்பத்தியாகும் டயர்களின் பக்கச் சுவரில், டாட் என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரமாகும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் வல்லுநரின் ஆய்வும், பத்து ஆண்டுகள் நிறைந்தால், தேய்வு இல்லாவிடினும், மாற்றமும் தேவையென மிச்செலின் முதலிய நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன.

மிகுவேகம்

ஒவ்வொரு டயருக்கும் உச்சவேக வரம்பு உண்டு. பெரிய ஊர்திகளின் டயர்களில் காணப்படும் எல் என்னும் குறி மணிக்கு 120 கிலோமீட்டரை (75 மைல்) குறிக்கும். யூட்டா, வயோமிங் போன்ற மேற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகள் சிலவற்றில் சட்டப்படியான வேக வரம்பு 80 மைல் (129 கிமீ) ஆகும். ஆகவே, சாலை விதியை மீறாமலே டயரின் வரம்பை மீற முடியும். சாலையோரப் பலகை சாலைக்குரிய வரம்பைக் கூறுகின்றதேயன்றி, டயருக்குரிய வரம்பைக் கூறுவதில்லை. பட்டறிவுள்ள ஓட்டுநர் பலர் மணிக்கு 60 முதல் 65 மைல் வரையான வேகத்தையே கடைப்பிடிக்கின்றனர்.

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் சட்டமே இவ்வூர்திகளுக்குத் தனி வரம்பை விதிக்கின்றது. செருமனியின் அதிவேக நெடுஞ்சாலைகளில் 3.5 டன்னுக்கு மேல் 7.5 டன் வரையுள்ள மோட்டார் இல்லங்கள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது.

சி159 டயர் விவகாரம்

டயரும் அதன் பயன்பாடும் பொருந்தாவிடில் நேரக்கூடியதற்கு, குட்இயர் நிறுவனத்தின் சி159 (ஆங்கில எழுத்து ஜி) டயர் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். 275/70ஆர்22.5 அளவிலான இந்த டயர் 1996 முதல் 2003 வரை உற்பத்தி செய்யப்பட்டது. நகரங்களில் பொருள் விநியோகிக்கும் சரக்குந்துகளுக்கென வடிவமைக்கப்பட்ட இது, நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும் மோட்டார் இல்லங்களிலும் பொருத்தப்பட்டது என்பது வழக்கு தொடுத்தோரின் குற்றச்சாட்டு.

மோட்டார் இல்லம் கவிழ்ந்து பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்று தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் இந்த டயர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாவதைக் காட்டும் சோதனை முடிவுகள் தமக்கு அளிக்கப்படவில்லை என்பதை அக்குடும்பத்தின் வழக்கறிஞர் பின்னர் அறிந்தார். இதற்காகக் கீழ் நீதிமன்றம் 27 இலட்சம் டாலர் செலுத்துமாறு ஆணையிட்டது. 2017 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முறைகேட்டால் நேர்ந்த செலவை மட்டுமே ஈடாகப் பெற முடியும் எனக் கூறி, தொகையை மீண்டும் கணக்கிட வழக்கைத் திருப்பி அனுப்பியது.

2017 டிசம்பரில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. இந்த டயர்களின் பழுதால் 8 பேர் இறந்ததாகவும் 69 பேர் காயமுற்றதாகவும் அது தெரிவித்தது. 2022 சூனில் 1,73,237 டயர்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. டயரில் குறைபாடு இல்லை என்பதும், குறைந்த காற்றழுத்தமும் மிகைச்சுமையுமே இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்பதும் நிறுவனத்தின் நிலைப்பாடு. உற்பத்தி நின்று 19 ஆண்டுகளுக்குப் பின் இவ்வறிவிப்பு வந்தது குறிப்பிடத்தக்கது.

வெடிப்பு நேர்ந்தால்

முன்சக்கர டயர் வெடித்தால் அப்பக்கத்தில் உராய்வு திடீரென மிகுந்து, ஊர்தி அப்பக்கமாக இழுக்கப்படும். ஓட்டுநரின் இயல்பான எதிர்வினை பிரேக்கை அழுத்துவதே. ஆனால் பிரேக் ஊர்தியின் எடையை முன்னோக்கித் தள்ளி, சிதைந்த டயரின் மீது சுமையைக் கூட்டி இழுப்பை வலுப்படுத்துகின்றது. கனரக ஊர்திகளுக்குப் பரிந்துரைக்கப்படும் முறை வருமாறு:

1. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து ஊர்தியைத் தன் தடத்திலேயே நேராகச் செலுத்துதல்.
2. பிரேக்கை அழுத்தாதிருத்தல்.
3. ஆக்சிலரேட்டரைச் சில நொடிகள் அழுத்துதல். இது வேகத்தைக் கூட்டுவதற்கன்று. முன்னோக்கிய உந்தத்தைத் தக்கவைத்துப் பக்கவாட்டு இழுப்பை எதிர்கொள்வதற்காகும்.
4. ஊர்தி நேரானதும் ஆக்சிலரேட்டரைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, தானாக வேகம் குறையவிடுதல்.
5. வேகம் நன்கு குறைந்த பின் அபாய விளக்குகளை எரியவிட்டு, உறுதியான சாலையோரத்தில் ஒதுங்குதல்.

டீசல் மோட்டார் இல்லங்கள் பலவற்றில் புகைபோக்கி பிரேக் உள்ளது. அது இயக்கத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பிரேக் செயற்படத் தொடங்கும். எனவே, இவ்வூர்திகளில் காலைச் சட்டென எடுப்பதும் பிரேக்கை அழுத்துவதற்கு ஒப்பாகும்.

சிதறும் டயர்த் துண்டுகள் சக்கரத்துக்கு அருகிலுள்ள மின்கம்பிகள், பிரேக் குழாய்கள், எரிவளிக் குழாய்கள் ஆகியவற்றைச் சேதப்படுத்தலாம். ஆதலால் டயரை மாற்றியதும் உடனே புறப்படாமல் இவற்றையும் சோதிக்க வேண்டும்.

அழுத்தக் கண்காணிப்புக் கருவி

2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதை அடுத்து, அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவில் டயர் பாதுகாப்புக்கான புதிய சட்டம் இயற்றப்பட்டது. இதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் புதிய இலகுரக ஊர்திகள் அனைத்திலும் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. எனினும் இவ்விதி 10,000 பவுண்டு (4,536 கிலோகிராம்) வரை மொத்த எடை வரம்புள்ள ஊர்திகளுக்கு மட்டுமே உரியது. மிகுந்த இடர்ப்பாடுடைய பெரிய மோட்டார் இல்லங்கள் இதற்குள் அடங்கவில்லை. இவற்றின் உரிமையாளர்கள் டயரின் வால்வில் திருகிப் பொருத்தும் உணரிகளைத் தனியே வாங்கிப் பயன்படுத்துகின்றனர். பின்னால் இழுத்துச் செல்லும் சிற்றுந்துக்கும் இவ்வுணரிகள் தேவை. அதன் டயர் காற்றை இழந்தாலும், பல மீட்டர் முன்னால் அமர்ந்துள்ள ஓட்டுநரால் அதனை உணர இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

- டயர்
- இரப்பர் வல்கனைசேற்றம்
- இயக்க ஆற்றல்
- சாலைப் பாதுகாப்பு