எருக்குழியும் புழுங்கற்பானையும்

காஞ்சி மாநகரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அதன் விமானங்களையும் பட்டுத் தறிகளையும் வர்ணித்து நிறைவெய்திவிடுவது வழக்கம். அத்தறிகளில் அமர்ந்து பாவு ஓட்டியவர்களும் அவ்விமானங்களின் கீழ் நைவேத்தியம் சமைத்தவர்களும் எந்த மண்ணில் விளைந்த நெல்லை உண்டார்கள், அம்மண்ணுக்கு ஊட்டமளித்தது எது என்று விசாரிக்க முற்பட்டவர் மிகச் சிலரே. அவ்விசாரணைக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின் நான் மாகறலையே தேர்ந்தெடுப்பேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில் அமைந்த இவ்வூர், தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஏழாவதாக எண்ணப்படுவது. திருஞானசம்பந்தர் இவ்வூர்ப் பதிகத்தைக் கோயிலின் மணியோசையோடு தொடங்காமல், விளைந்த கழனியிலே உழவர் மகளிர் பாடியாடும் ஆரவாரத்தோடு தொடங்கியிருக்கிறார். இங்குள்ள இறைவனை உடற்பிணி தீர்ப்பவனாகக் கொண்டு இன்றும் மக்கள் வருகிறார்கள். பிரமன் நட்ட பலாமரமொன்று நாள்தோறும் ஒரு கனி தந்ததென்றும், அக்கனி இவ்வூர் இறைவனுக்கும் பின்னர்த் தில்லைக் கூத்தனுக்கும் படைக்கப்பட்டு அரசனுக்குப் பிரசாதமாகச் சென்றதென்றும் தலபுராணம் கூறும். புராணத்தைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் மண்ணின் வளத்தையும் உண்பவரின் தேக நலத்தையும் ஒரே கதையில் வைத்து எண்ணும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு அது சான்றாகும்.

அவ்வளத்தைக் காப்பதற்கு முன்னோர் செய்த ஏற்பாடுகளைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள உத்திரமேரூரில், குடவோலை முறையை விவரிக்கும் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை எல்லோரும் அறிவர். ஜனநாயகத்தின் தொன்மைக்கு அவற்றை மேற்கோள் காட்டுவோர், அத்தேர்தலால் அமைந்த குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதைச் சற்றே விரைவாகக் கடந்து போகிறார்கள். அவ்வூர் வைரமேகத் தடாகத்தில் படியும் மண்ணை ஆண்டுதோறும் அகற்றுவதற்கென்று பொன் வழங்கிய தருமங்களும் அங்குள்ள கோயிற் சுவர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. ஏரிக்குத் தூரானது வயலுக்கு வண்டல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களாக நெல் பயிரிடும் இப்பிரதேசத்தில், ஏரி வண்டலும், மாட்டுச் சாணமும், கோடையில் போடும் ஆட்டுக்கிடையும், மிதித்துச் சேற்றில் அழுத்தும் கொளிஞ்சியும் வேம்புமாகிய தழையுமே நெடுங்காலம் உரமாக இருந்தன.

இவ்வனுபவ ஞானத்தின்மேல் அயல்நாட்டு விஞ்ஞானத்தின் பார்வை முதன்முதலாக விழுந்ததும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேதான். 1865-இல் சைதாப்பேட்டையில் சர்க்கார் பண்ணையொன்று நிறுவப்பட்டது. 1876-இல் அங்கே விவசாயப் பள்ளியும் தோன்றியது. சீமைக் கலப்பைகளையும் யந்திரங்களையும் காட்டி நம் குடியானவனைத் திருத்திவிடலாம் என்னும் நம்பிக்கை அக்காலத்து அதிகாரிகளிடம் மிகுந்திருந்தது. ஆனால் இந்திய விவசாயத்தை ஆராயும்படி அனுப்பப்பட்ட இரசாயன அறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், திறமையுள்ள இந்திய உழவன் சராசரி ஆங்கில உழவனுக்குச் சற்றும் தாழ்ந்தவனல்லன் என்றும், அவனிடம் இருப்பது அறிவுக் குறையன்று, வசதிக் குறையே என்றும் எழுதினார். விறகில்லாமையால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிவதையே பெருங்கேடாகக் கண்டார்.

பள்ளியாகத் தோன்றிய சைதாப்பேட்டைக் கல்லூரி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறிற்று. 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்று, 1971-இல் தானே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே அரசாங்க விவசாய ரசாயனியாக விளங்கிய ஹாரிசனும் அவருடன் உழைத்த சுப்பிரமணிய ஐயரும் 1913 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளை நெல் விளையும் ஊரார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் தகும். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் தழை மக்கும்போது மீத்தேன் முதலான வாயுக்கள் உண்டாகின்றன. காற்றுப் புகாத அச்சேற்றில் நெல்லின் வேர் எவ்வாறு பிழைக்கிறது என்பது அவர்கள் எழுப்பிய வினா. சேற்றின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாக அமைந்து, அவ்வாயுக்களைக் கரியமில வாயுவாக மாற்றி, அதைக்கொண்டு பிராணவாயுவை வெளியிட்டு வேருக்கு உதவுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். தழையைச் சேற்றில் மிதித்துவிட்டு நாற்று நடுவதற்குச் சில நாள் பொறுத்திருக்கும் உழவன் இதன் ரசாயனத்தை அறியான். பொறுக்க வேண்டுமென்பதை மட்டும் அறிவான்.

அதே கோயம்புத்தூரில் 1909-இல் நிரந்தர உரப் பரிசோதனை வயல்கள் வகுக்கப்பட்டன. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் நடந்துவந்த சோதனையை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு பாத்திக்கு எவ்வுரமும் இல்லை, ஒன்றுக்குத் தொழுவுரம் மட்டும், மற்றவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகியவை தனித்தும் கூடியும் என்று விதித்து, ஆண்டு தவறாமல் பயிர் செய்துவந்தார்கள். விளைச்சலின் எடையை அறிவதே முதல் நோக்கம். விளைந்த தானியத்தின் குணமும் உரத்தால் மாறுமோ என்ற கேள்வி பின்னரே எழுந்தது. அதைக் கேட்டவர்கள் இருவர்.

ஒருவர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் பிறந்து, இந்திய வைத்தியத் துறையில் சேர்ந்து, கில்கிட் மலைப்பகுதியில் கண்டமாலை நோயை ஆராய்ந்தபின் குன்னூருக்கு வந்து, அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆகாரக் குறைவால் வரும் நோய்களைப் பற்றிய விசாரணையை நடத்தியவர். அவ்விசாரணையே வளர்ந்து போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாயிற்று. மற்றவர் கோயம்புத்தூர் ரசாயனி பி. விசுவநாத், பிற்காலத்தில் இம்பீரியல் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியர். மலைமேல் வைத்தியரும் மலையடியில் மண்ணறிஞரும் கூடியமையால், நிரந்தர வயல்களில் விளைந்த சிறுதானியமும் கோதுமையும் குன்னூர் சோதனைச்சாலைப் பிராணிகளுக்கு ஊட்டப்பட்டன. தொழுவுரத்தால் விளைந்த தானியம் ரசாயன உரத்தால் விளைந்ததைக் காட்டிலும் போஷணையிலும் ஜீவசத்திலும் மேம்பட்டது என்ற முடிவை 1926-இல் இருவரும் வெளியிட்டார்கள். மறு ஆண்டில் விசுவநாத், சூரியநாராயணாவோடு சேர்ந்து, உரத்தின் பலன் விதையின் வழியே அடுத்த பயிருக்கும் செல்கிறது என்று எழுதினார்.

இம்முடிவு கடல் கடந்து பெற்ற கீர்த்தி வியப்புக்குரியது. 1939-இல் இங்கிலாந்தின் செஷயர் வைத்தியர்கள் போஷாக்கைப் பற்றி வெளியிட்ட சாசனத்திலும், 1940-இல் இயற்கை உரத்தை வலியுறுத்தி ஆல்பர்ட் ஹோவர்ட் எழுதிய நூலிலும் மெக்காரிசன் ஏறக்குறைய ஒரு ரிஷியாகவே கொண்டாடப்படுகிறார். விசுவநாத்தின் பெயரையோ, பாத்திகளில் எருவை அளந்து கொட்டிய கோயம்புத்தூர்க் கூலியாட்களின் உழைப்பையோ அக்கொண்டாட்டத்தில் தேடிப் பயனில்லை. அவ்வளவு கொண்டாடப்பட்ட முடிவை நான் முழுதும் ஏற்பதற்கில்லை. பின்வந்தோர் பலர் நடத்திய சோதனைகள் ஒரே விடையைத் தரவில்லை. தொழுவுரம் மண்ணின் கரிமப் பொருளை வளர்க்கிறது என்பது ஐயமற நிலைபெற்றிருக்க, தானியத்தின் ஜீவசத்தை எப்போதும் உயர்த்துகிறது என்பது அவ்வாறு நிலைபெறவில்லை. மெக்காரிசன் எலிகளுக்குச் சீக்கியர் ஆகாரத்தையும் சென்னை மாகாணத்தார் ஆகாரத்தையும் ஊட்டி, முன்னது மேலென்றும் பின்னது கீழென்றும் காட்டினார். எலிகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும் பாலும் வெண்ணெயும் பருப்புமுள்ள உணவு ஒருபுறமும், தீட்டிய அரிசியே பெரும்பகுதியான உணவு மறுபுறமுமாக வைத்தால், அங்கே வெளிப்படுவது இனத்தின் வேற்றுமையன்று, வறுமையின் வேற்றுமை. இதை அவர் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

உண்பவர் உயிரையே நிர்ணயித்த வேற்றுமை வயலில் இருந்ததைவிட மிகுதியாகப் பானையிலும் ஆலையிலும் இருந்தது. மலேயாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சயாம் வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மாண்டுகொண்டிருக்க, அருகிலேயே புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் தீண்டவில்லை என்பதை வைத்தியர் பிராடன் கண்டு 1907-இல் எழுதினார். கோலாலம்பூர்ச் சித்தப்பிரமை ஆஸ்பத்திரியில் வைத்தியர் பிளெட்சர் 1905-இல் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தபோது, முன்னவருள் பலர் நோயுற்று மாண்டனர், பின்னவர் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, எதன் குறைவால் பெரிபெரி வருகிறதோ அந்தப் பி-1 ஜீவசத்து உமிக்கடுத்த தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்பு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. மெக்காரிசனும் நாரிஸும் 1924-இலும், குன்னூரில் மெக்காரிசனுக்குப்பின் வந்த அய்க்ராய்டும் அவர் துணைவர்களும் 1940-இலும் வெளியிட்டவற்றால், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட, தெலுங்கு நாட்டு வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி குடிகொண்டதும், புழுங்கலுண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பியதும் தெளிவாயின. வீட்டுப் புழக்கடையில் நெல் அவித்த பெண்களுக்கு இதன் பொருட்டு எவரும் பரிசளித்ததில்லை. ஜாவாவில் கோழிகளைக் கொண்டு இந்நோயின் தன்மையைக் கண்டறிந்த ஐக்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

உரலும் உலக்கையும் போய் ஆலை வந்தபின், நெல்லின் சாரம் தவிடாகி மாட்டுத் தொட்டிக்குச் சென்று, அங்கிருந்து எருவாகி வயலுக்கே மீளத் தலைப்பட்டது. உழவன் வீட்டுத் தட்டில்தான் அது தங்கவில்லை. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் நிறுவிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது, கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியதில் இவ்வாராய்ச்சிகளின் வலிமை இருந்தது. அவ்வாதத்தின் எதிரொலியாக 1958-இல் பாராளுமன்றம் நெல் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றிற்று. அதே ஆண்டில்தான் குன்னூர் ஆராய்ச்சிச்சாலை ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. சட்டம் ஆலைகளை நிறுத்தவில்லை. கோயம்புத்தூர் நிரந்தர வயல்கள் மட்டும் நூற்றாண்டைக் கடந்தும் உழப்பட்டு வருகின்றன. ஜீவசத்துக்கு அக்காலத்தில் தேடிய இடத்திலேயே இன்றைய மாணவர்கள் துத்தநாகத்தையும் இரும்பையும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.