ஏரிக்கரையில் இரண்டு குளிர்காலம்

மார்கழி மாதத்து விடியற்காலையில் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று சொல்லிக் கொள்வதில் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஏரித் தண்ணீர் முழுவதும் பாறையாக இறுகி, அதன்மேல் குதிரையும் ஆளும் சுமையும் சர்வசாதாரணமாகப் போய் வரும் குளிரை நாம் நம் ஊரில் கண்டதில்லை. அப்படிப்பட்ட குளிரில், காட்டுக்கு நடுவே, ஏரிக்கரையில் ஒற்றை அறை கொண்ட வீட்டில் இரண்டு குளிர்காலத்தைக் கழித்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லப் போகிறேன். அந்த ஏரிக்கும் நமது சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு பந்தம் உண்டு. அது பின்னால் வரும்.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரிலிருந்து சுமார் 20 மைல் தொலைவில் கான்கார்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு ஒன்றரை மைல் தெற்கே, மரங்கள் சூழ்ந்த வால்டன் ஏரி. 1845-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி அந்த ஏரிக்கரையில் ஹென்றி டேவிட் தோரோ என்ற இளைஞர் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 27. ஹார்வர்டில் படித்தவர், ஆனாலும் நிலையாக ஓர் உத்தியோகத்தில் அமராதவர். நிலம் அவருடைய நண்பர் எமர்ஸனுடையது. ரயில் பாதை வேலைக்கு வந்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்து, அதன் பலகைகளைக் கொண்டு தம் கையாலேயே வீட்டைக் கட்டினார். அகலம் 10 அடி, நீளம் 15 அடி. மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

1846 ஜூலையில் வரி கொடுக்க மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தாரே, காந்தியடிகள் பெரிதும் மதித்த கட்டுரையை அதையொட்டி எழுதினாரே, அதே தோரோதான். அந்தக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாம் ஏரிக்கரையை விட்டு நகர வேண்டாம்.

முதல் குளிர்காலம் நெருங்கியதும் தோரோ புகைபோக்கியைக் கட்டி முடித்தார். உட்சுவர்களுக்குக் காரை பூசினார். 1845 டிசம்பர் 22-ந் தேதி இரவு ஏரி முழுவதும் உறைந்தது. பெரும் பனி விழுந்த நாட்களில், வாரம் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் மனித வாடையே அந்தப் பக்கம் வீசாது. தோரோ மட்டும், முழங்கால் புதையும் பனியில் எட்டு மைல், பத்து மைல் நடந்து போவார். எதற்காக? தமக்கு அறிமுகமான ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வருவதற்காக!

மனிதர்கள்தான் வரவில்லையே தவிர, வீட்டுக்கு விருந்தாளிகள் குறைவில்லை. முற்றாமல் போன சோளக் கதிர்களை அவர் வாசலில் பனியின்மேல் எறிந்து வைப்பார். காலையில் செவ்வணில் வரும். நாலு அடி ஓடும், திடீரென்று நின்று, உலகமே தன்னைப் பார்க்கிறது என்பதுபோல ஒரு குட்டிக்கரணம் போடும், மறுபடி ஓடும். கதிரைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அது செய்யும் அட்டகாசத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய காலைப்பொழுது போய்விடும். அது சிந்தியதைப் பொறுக்க ஜே பறவைகள் வரும். சிக்கடி என்னும் சின்னஞ்சிறு குருவிகள் கூட்டமாக வரும். நாளடைவில் அச்சம் தெளிந்து, அவர் கையில் சுமந்துவந்த விறகுக் கட்டின் மேலேயே ஒரு குருவி வந்து உட்கார்ந்ததாம்.

வீட்டுத் தரைப் பலகைக்குக் கீழே ஒரு முயல் குடியிருந்தது. காலையில் தோரோ எழுந்து நடமாடத் தொடங்கினால், அது அரக்கப் பரக்க ஓடப் பார்த்துப் பலகையில் தலையை மோதிக்கொள்ளும். நிலவறையில் வைத்திருந்த உருளைக்கிழங்கில் மூன்றில் ஒன்றை அகழெலி கடித்துவிட்டது. இரவில் நரிகள் பனிமேல் திரிந்து குரைக்கும். தூரத்தில் ஆந்தை அலறும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஏரியே முனகும். பனிக்கட்டி விரிந்து வெடிக்கும்போது எழும் அந்தச் சத்தம், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கம் வராமல் புரண்டு படுப்பதுபோல அவருக்குக் கேட்டது.

அந்தக் காட்டில் முன்பு மனிதர்களும் வாழ்ந்ததுண்டு. மாஸசூஸெட்ஸில் அடிமைத்தனம் ஒழிந்தபின், விடுதலை பெற்ற நீக்ரோ மக்கள் சிலர், வேறு யாரும் விரும்பாத அந்த மண்ணில் குடிசை போட்டிருந்தார்கள். ஸில்ஃபா என்ற பெண்மணி நூல் நூற்று, பாடிக்கொண்டே பிழைத்தாள். 1812-ல் தொடங்கிய யுத்தத்தின்போது, அவள் வெளியே போயிருந்த சமயத்தில், ஆங்கிலச் சிப்பாய்கள் குடிசைக்குத் தீ வைத்தார்கள். பூனையும் நாயும் கோழிகளும் உள்ளேயே வெந்து போயின. தோரோ வந்த காலத்தில் இவர்களுடைய வீடுகளில் எஞ்சியிருந்தவை நிலவறைப் பள்ளங்களே. நீண்ட குளிர்கால இரவுகளில் அவர் இவர்களுடைய பெயர்களையும் கதைகளையும் நினைத்துப் பார்த்து எழுதி வைத்தார்.

வால்டனுக்கு அடியே இல்லை என்று ஊரார் நம்பி வந்தார்கள். அடியே இல்லை என்பவர்கள் ஒருவராவது கயிறு விட்டுப் பார்த்ததுண்டா என்றால், இல்லை. 1846-ன் தொடக்கத்தில், பனி உடைவதற்கு முன்பே, தோரோ திசைகாட்டியும் அளவுச் சங்கிலியும் எடுத்துக்கொண்டு உறைந்த ஏரியின்மேல் நடந்தார். தூண்டிற் கயிற்றில் ஒன்றரை ராத்தல் கல்லைக் கட்டி, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தார். மிக ஆழமான இடம் 102 அடி. பிற்காலத்துக் கருவிகளும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கின்றன.

அடுத்த குளிர்காலத்தில், அதாவது 1846-47-ல், நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் ரம்பமும் கலப்பையும் போன்ற கருவிகளோடு அங்கே வந்து இறங்கினார்கள். விதைக்கத்தான் வந்தார்களோ என்று தோரோ வேடிக்கையாகக் கேட்கிறார். அவர்கள் வந்தது பனிக்கட்டி அறுவடைக்கு. நல்ல நாளில் ஆயிரம் டன் வெட்டினார்கள். பதினாறு நாள் வேலை நடந்தது. யாராவது வெடிப்பில் கால் இடறித் தண்ணீரில் விழுந்துவிட்டால், நடுங்கிக்கொண்டு தோரோவின் வீட்டுக்கு ஓடிவந்து அடுப்பருகே உட்காருவார். வெட்டியதைக் கரையில் 35 அடி உயரத்துக்கு அடுக்கி, வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். மொத்தம் பதினாயிரம் டன் என்று மதிப்பு.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த பணக்காரரின் பெயரைத் தோரோ சொல்லவில்லை. அவர் பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் ட்யூடர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ட்யூடர் சாமானியரல்லர். 1833-ல் கல்கத்தாவுக்கே கப்பலில் பனிக்கட்டி அனுப்பிக் காட்டியவர். பல மாதக் கடற்பயணத்தில் ஒரு பகுதி உருகியும், நூறு டன்னுக்குக் குறையாமல் வந்து சேர்ந்தது! சென்னையில் அவருடைய கம்பெனிக்காக 1842-ல் கடற்கரையோரமாகப் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடம் கைமாறியது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடம் அதுதான். 1963-ல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். ஆயினும் அந்தப் பேட்டைக்கு 'ஐஸ் அவுஸ்' என்ற பெயர் போகவில்லை.

தோரோவுக்குச் சென்னை நினைவு வராமல் இல்லை. காலையில் அவர் பகவத் கீதையை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பார். வெயிலில் வாடும் சென்னை, பம்பாய், கல்கத்தா வாசிகள் தம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்தார். அவர்கள் நாட்டு ஞானம் இங்கே வந்தது. இந்த ஏரியின் குளிர்ச்சி அங்கே போகட்டும் என்ற கணக்கு.

உண்மையில் நடந்தது வேறு. அந்த மலையில் பெரும்பகுதி சந்தைக்கே போகவில்லை. அடுத்த ஜூலையில் மூடியைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மீதி அங்கேயே வெயிலில் நின்றது. 1848 செப்டம்பரில்தான் அது முழுவதும் கரைந்து, மறுபடியும் ஏரியோடு ஏரியாகக் கலந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1847 செப்டம்பர் 6-ந் தேதி, தோரோ வீட்டைக் காலி செய்துவிட்டார். 'வால்டன்' என்ற அவருடைய புத்தகம் 1854-ல் வெளிவந்தது. 1862-ல், 44-வது வயதில், காசநோயால் காலமானார்.

அவர் விட்டுச் சென்றவற்றில் ஒரு சிறு பட்டியலும் உண்டு. ஏரியின் பனி முற்றும் உடைந்த நாட்கள்: 1845-ல் ஏப்ரல் 1, 1846-ல் மார்ச் 25, 1847-ல் ஏப்ரல் 8. இப்படியே பல ஆண்டுகள். எந்தப் பூ எந்த நாளில் மலர்ந்தது என்பதையும் 1850-களில் குறித்து வைத்தார். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று அன்று கேட்டிருந்தால், பதில் சொல்ல அவராலும் முடிந்திராது.

நூற்றைம்பது ஆண்டு கழித்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைமாக் முதலிய விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்தார்கள். அதே ஏரிக்குப் போய், அதே பூக்களைத் தேடினார்கள். பூக்கள் பல, ஒரு வாரமும் அதற்கு மேலும் முந்திக்கொண்டு மலர்கின்றன. தோரோ கண்ட செடி வகைகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கான்கார்டில் இப்போது காணவே இல்லை. ஏரியின் பனியும் சராசரியாக இரண்டு வாரம் முன்னதாகவே உடைந்துவிடுகிறது. பூமி சூடேறி வருகிறது என்று சொல்வதற்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்காரர் எழுதிய தேதிகள் இன்று சாட்சி சொல்கின்றன.