யுனிக்ஸ் கல்வி உரிமம்

யுனிக்ஸ் கல்வி உரிமம் என்பது அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1970களில் பல்கலைக்கழகங்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் வழங்கிய மென்பொருள் உரிமம் ஆகும். யுனிக்ஸ் இயங்குதளம் 1969இல் அந்நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகத்தில் ஈடுபட 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு அந்நிறுவனத்திற்குத் தடை விதித்திருந்தது. எனவே பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸ் மூல நிரலுடன், பெயரளவிலான கட்டணத்தில் கிடைத்தது. வணிக நிறுவனங்களுக்கான கட்டணம் பன்மடங்கு அதிகம்.

சலுகைக்குத் தகுதி பெற்றது கல்வி நிறுவனமே, மாணவர் அல்லர்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலுக்குத் தம் மாணவர்களுக்காக விளக்கவுரை எழுதினார். உரையாசிரியர்கள் பழைய நூலுக்கு உரை காண்பது போன்ற பணி அது. ஆனால் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதைத் தடுத்தது. கல்விக்கான சலுகையில் கற்பித்தலுக்கே இடமில்லாமல் போனது விந்தைதான். லயன்ஸின் உரை படிக்குப் படி எடுக்கப்பட்டு மறைவாகக் கைமாறியது. 1996இல்தான் முறையாக நூலாக வெளிவந்தது.

இத்தடையால் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் பாடநூலுடன் வெளியிட்டார். அதன் நிரலை மாணவர் எவரும் குறைந்த விலையில் வாங்கிப் படிக்க முடிந்தது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அப்பாடநூலைப் படித்து, தம் சொந்தக் கணினியில் மினிக்ஸை நிறுவினார். 1991இல் அக்கணினியிலேயே லினக்ஸை எழுதத் தொடங்கினார்.