சில்வர்பீட் கூட்டும் சீனர் தோட்டமும்



"மெல்போர்னில் ஆறு மாசம் என்ன டீச்சர் சாப்பிட்டீங்க?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். எங்கே ஆரம்பித்தாலும் வரலாற்றுப் பாடத்தில் போய் நிற்பது என் பழைய வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போன மூன்றாம் வாரம் மகனுக்கு வேலை போயிற்று. மருமகள் சம்பளத்தில்தான் வாடகை, பேத்தியின் செலவு எல்லாம். நானோ இந்தியக் கடையில் ஐஸில் வைத்த முருங்கைக்காய், துருவிய தேங்காய் என்று வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மருமகள் அந்த பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு டிராம் ஏறி, குயின் விக்டோரியா மார்க்கெட்டுக்குப் போனேன். நம் உழவர் சந்தை மாதிரி கூவிக் கூவி விற்கிறார்கள். கடை கட்டும் நேரம் போனால் விலை இன்னும் இறங்கும். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். பூசணி, காலிஃபிளவர், முட்டைக்கோஸ் எல்லாம் மலிவு. சில்வர்பீட் என்று ஒரு கீரை, தண்டு வெள்ளையாகத் தடியாக இருக்கும். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். பேத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதிலிருந்து எங்கள் சமையல், அந்த மண்ணில் அந்தப் பருவத்தில் விளைவதுதான்.

இனி பாடம். ஆஸ்திரேலியாவில் தங்கம் எங்கே என்றால் கால்கூர்லி, கூல்கார்டி என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அவை மேற்குப் பக்கம். அதற்கு வெகுமுன்பே, 1851-ல், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவில் தங்கம் கிடைத்து உலகமே ஓடிவந்தது. தோண்ட வந்தவர்களுக்கு ஆட்டிறைச்சி, மாவு, தேநீர் இருந்தன. பச்சைக் காய்கறி அரிது. ஸ்கர்வி வந்தது. வைட்டமின் 'சி' பாடம் ஞாபகம் இருக்கிறதா?

சீனர்களும் தங்கம் தேடித்தான் வந்தார்கள். 1855-ல் விக்டோரியா அரசு, வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. வரிக்குத் தப்ப, பக்கத்து மாகாணத்து ரோப் துறைமுகத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் நடந்தே தங்க வயலுக்குப் போனார்கள். தங்கம் குறைந்ததும் பலர் மண்வெட்டியை விடவில்லை. ஆற்றோரம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தோளில் காவடி போட்டுத் தண்ணீர் சுமந்து கோஸும் கீரையும் விளைவித்து, கூடையில் தெருத் தெருவாக விற்றார்கள். நான் பை இழுத்துப் போன மார்க்கெட் 1878 மார்ச் 20-ல் திறந்தது. அங்கேயும் அவர்கள் காய்கறி வந்தது. அப்படி ஊருக்குச் சோறு போட்டவர்களின் இனத்தார் இனி வரக்கூடாது என்று 1901-ல் சட்டம் வந்தது. அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார், பிழையில்லாமல் எழுத வேண்டும். நானும் எத்தனையோ டிக்டேஷன் வைத்திருக்கிறேன். யாரும் தேறக்கூடாது என்பதற்காக வைத்ததில்லை.

போருக்குப் பின் இத்தாலியர், கிரேக்கர், அப்புறம் வியட்நாமியர் வந்தார்கள். எனக்குச் சில்வர்பீட் கொடுத்த பெரியவரின் அப்பா இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தவராம்.

இன்னொன்று. அந்த மார்க்கெட்டின் ஒரு பகுதி பழைய இடுகாடு. சில நூறு பேரின் எச்சங்களை மட்டும் 1920-களில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சுமார் 9,000 பேர் இன்னும் அடியிலேயே இருக்கிறார்கள். இதைச் சொன்னபோது மருமகள், "அத்தை, சாப்பிட்ட பிறகு சொல்லக்கூடாதா?" என்றாள்.

ஐந்தாம் மாதம் மகனுக்கு வேலை கிடைத்தது. மருமகள் இப்போதும் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குத்தான் போகிறாளாம். கூட்டுக்குப் பருப்பு எவ்வளவு என்று கேட்ட பெண் பிள்ளைகளுக்குக் கீழே எழுதுகிறேன். நம் ஊரில் பாலக்கில் செய்யுங்கள். ஆண் பிள்ளைகளும் கேட்கலாம்.